மிஞ்சிய பேட்டிங் துண்டுகள்: ஜிக்ஜாக்கா, டேப்பா, கைத்தையலா?

குவில்ட் (மேல் துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, அடித்துணி மூன்றையும் சேர்த்துத் தைக்கும் போர்வை) தைக்கிற எல்லாரிடமும் ஒரு பை இருக்கும். ஓரம் வெட்டியபோது மிஞ்சிய பேட்டிங்கை, அதாவது அந்த நடுப் பஞ்சு விரிப்பின் துண்டுகளை எல்லாம் திணித்துத் திணித்து, இனி ஒரு துண்டுகூட உள்ளே போகாது என்ற நிலைக்கு வந்த பை. பேட்டிங் விலைக்குத் தூக்கிப் போடவும் மனசு வராது. அந்தத் துண்டுகளை இணைத்து மறுபடியும் ஒரு பெரிய விரிப்பாக்க மூன்று வழிகள் இருக்கின்றன: மெஷினில் ஜிக்ஜாக் (இடமும் வலமுமாக மாறி மாறி விழும் தையல்), இஸ்திரி போட்டு ஒட்டும் டேப், கைத்தையல். பெரும்பாலான வேலைக்கு என் ஓட்டு ஜிக்ஜாக்குக்குத்தான்.

எந்த வழியானாலும் முதலில் துண்டுகளை ரகம் பிரித்துவிடுங்கள். காட்டன் பேட்டிங் முதல் துவைப்பில் 3 முதல் 5 சதவீதம் வரை சுருங்கும், பாலியஸ்டர் கிட்டத்தட்ட சுருங்கவே சுருங்காது. இரண்டையும் ஒரே குவில்ட்டில் இணைத்தால் ஒரு பக்கம் சுருக்கம் விழுந்து மறுபக்கம் அப்படியே நிற்கும், அதற்கப்புறம் எதுவும் செய்ய முடியாது. எது எந்த ரகம் என்று மறந்துபோயிருந்தால், ஒரு சிறு இழையைக் கிள்ளி இடுக்கியில் பிடித்து, பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு எரித்துப் பாருங்கள். காட்டன் காகிதம் எரிகிற வாசனையோடு மெல்லிய சாம்பலாகும், கம்பளியில் முடி கருகும் நாற்றம் வரும், பாலியஸ்டர் உருகிக் கெட்டி மணியாகிவிடும். ரகம் ஒன்றே ஆனாலும் தடிமன் வேறு என்றால் அதையும் சேர்க்காதீர்கள்.

சரி, ஜிக்ஜாக். இதில் வேலையே வெட்டுவதில்தான் இருக்கிறது. இரண்டு துண்டுகளையும் ஓரம் கொஞ்சம் ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி வைத்து, ரோட்டரி கட்டரால் (வட்ட பிளேடு உருண்டு வெட்டும் கத்தி) இரண்டையும் சேர்த்தே வெட்டினால் விளிம்புகள் அச்சாகப் பொருந்தும். நேர்கோட்டுக்குப் பதிலாக லேசான அலைபோல வெட்டினால் இன்னும் நல்லது, ஏனென்றால் நேரான இணைப்பில் குவில்ட் மடிந்து மடிந்து அந்த இடத்தில் ஒரு கோடு விழ வாய்ப்பு உண்டு. தைக்கும்போது விளிம்போடு விளிம்பு முட்டி நிற்க வேண்டும், ஒன்றின்மேல் ஒன்று ஏறினால் மேடு தட்டும். உங்கள் மெஷின் தரும் அகலமான ஜிக்ஜாக், 3 மில்லிமீட்டர் தையல் நீளம், வாக்கிங் ஃபுட் (மேல் அடுக்கையும் கீழ் அடுக்கையும் ஒரே சீராக நகர்த்தும் மெஷின் பாதம்) இருந்தால் அதுவும். கையால் இழுக்கவே கூடாது. பேட்டிங் இழுத்த பக்கம் நீளும், தைத்து முடித்துத் தரையில் விரித்தால் இணைப்பு முழுக்க நெளிந்து கிடக்கும். செலவு வெறும் நூல்தான், எத்தனை முறை துவைத்தாலும் பிரியாது.

டேப் வேகமானது, அதை மறுக்க முடியாது. மெஷினுக்குள் பெரிய விரிப்பை நுழைத்துச் சுருட்டித் திருப்புகிற தொல்லை இல்லை, துண்டு நெளியவும் செய்யாது. ஆனால் ஒவ்வொரு முறையும் காசு கொடுத்து டேப் வாங்கி ஓசியில் கிடைத்த துண்டை ஒட்டுவதில் எனக்கு அவ்வளவாக உடன்பாடில்லை. பாலியஸ்டர் பேட்டிங்கில் இஸ்திரியின் சூடு கொஞ்சம் கூடினாலும் பஞ்சு தட்டையாகிவிடும், அல்லது உருகும். மேலே ஒரு துணி போட்டு, தேய்க்காமல் அழுத்தி அழுத்தி எடுக்க வேண்டும். கையால் குவில்ட் செய்கிறவர்களுக்கு இன்னொரு எரிச்சல், பசை இருக்கும் இடத்தில் ஊசி சட்டென்று இறங்காது. மெஷின் குவில்டிங், ஒரே ஓர் இணைப்பு, நாளைக்கே கொடுத்தாக வேண்டும் என்ற நெருக்கடி: அதற்கு டேப் சரி.

கைத்தையல் மெதுவானது. ஆனாலும் புசுபுசுவென்று தடித்த கம்பளி பேட்டிங்குக்கு நான் இதைத்தான் சொல்வேன், மெஷினில் துணியை அழுத்திப் பிடிக்கும் பிரஸ்ஸர் ஃபுட்டுக்குக் கீழே அது நசுங்கி இணைப்பு ஒரு பள்ளமாகிவிடும். பெரிய பெரிய குறுக்குத் தையலாக, நூலை இறுக்காமல் போட்டுக்கொண்டு போனால் போதும்.

இணைத்த பேட்டிங்கில் குவில்டிங் கோடுகளை, அதாவது மூன்று அடுக்கையும் பிணைக்கும் தையல் வரிகளை, கொஞ்சம் நெருக்கமாகப் போடுங்கள். பேக்கெட்டில் 8 அங்குலம், 10 அங்குலம் இடைவெளி விடலாம் என்று போட்டிருப்பது முழு விரிப்புக்கு. ஒட்டுப்போட்டதற்கு 4 அங்குலத்தைத் தாண்ட மாட்டேன்.

உள்ளங்கை அளவுத் துண்டுகளை இணைக்க உட்காருவது நேரத்துக்குப் பிடித்த கேடு. தலையணையில் அடைக்கலாமே என்பார்கள், ஆனால் வெட்டிய பேட்டிங் கட்டிகட்டியாகத் திரண்டுவிடும், கனமும் கூடும். நாய், பூனை படுக்கும் மெத்தைக்கு ஓகே, பொம்மைக்கு வேண்டாம். சூடான பாத்திரம் பிடிக்கும் துணிக்கு காட்டன் அல்லது கம்பளித் துண்டு மட்டும், அதுவும் இரண்டு அடுக்காக. மைக்ரோவேவில் வைக்கும் கிண்ண உறை என்றால் துணி, பேட்டிங், நூல் மூன்றுமே முழுக் காட்டனாக இருக்க வேண்டும், இதில் சமரசமே கிடையாது. என்னைக் கேட்டால் சின்னத் துண்டுக்குச் சிறந்த வேலை சோதனைத் தையல்தான்: அதே குவில்ட்டில் மிஞ்சிய துணி இரண்டுக்கு நடுவே அதே பேட்டிங்கை வைத்துத் தைத்துப் பார்த்தால், மேல் நூலும் பாபின் நூலும் எங்கே இழுக்கின்றன என்று குவில்ட்டைத் தொடும் முன்பே தெரிந்துவிடும்.

இரண்டரை அங்குல அகலத்தில் நீளநீளமாக மிஞ்சுகிற ஓரங்களை மட்டும் தனியாகச் சுருட்டி வையுங்கள். அவற்றைத் துணிப் பட்டைக்குள் மடித்துத் தைத்து, சுற்றிச் சுற்றி இணைத்தால் கால்மிதியாகும், அதற்கு இந்த அகலம் வெட்டவே தேவையில்லாமல் பொருந்துகிறது.