பி.சி.எல்-ஆர்: பேச்சை மட்டும் நம்பாத அளவுகோல்

சைக்கோபாத், அதாவது ஈவிரக்கமோ குற்றவுணர்ச்சியோ இல்லாமல் பிறரை ஏமாற்றிப் பயன்படுத்தும் ஆளுமை கொண்டவரா ஒருவர் என்று அளக்கும் மதிப்பீடு பி.சி.எல்-ஆர் (Psychopathy Checklist-Revised). கனடா உளவியலாளர் ராபர்ட் ஹேர் சிறைக்கைதிகளை ஆராய்ந்து உருவாக்கிய இது 1991-இல் வெளிவந்தது. இரண்டாம் பதிப்பு 2003-இல். மொத்தம் 20 அம்சங்கள், ஒவ்வொன்றுக்கும் 0 (இல்லை), 1 (ஓரளவு) அல்லது 2 (உண்டு). வட அமெரிக்காவில் 40-க்கு 30 எடுத்தால் சைக்கோபாத். பிரிட்டனில் பெரும்பாலும் 25.

ஆள் சொல்வதை அப்படியே வாங்கிக்கொள்ளாததுதான் இதன் பெரிய பலம். பேட்டி ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். அதற்கு முன்பே போலீஸ், நீதிமன்ற, சிறை ஆவணங்களைப் படித்து முடித்திருக்க வேண்டும். கோப்பு இல்லாமல் பேட்டியை மட்டும் வைத்து மதிப்பெண் போடக் கூடாது. எதிரே இருப்பவரை எடைபோட்டு, அவருக்குப் பிடித்த முகத்தைக் காட்டுவதில் சைக்கோபாத்கள் தேர்ந்தவர்கள்.

குற்றவுணர்ச்சி இன்மை என்ற அம்சத்தைப் பாருங்கள். "ரொம்ப வருத்தமா இருக்கு" என்றதும் 0 போட்டுவிடக் கூடாது. அடிபட்டவர் இப்போது எப்படி இருக்கிறார் என்று கேளுங்கள். "அந்தக் கேஸால என் மூணு வருஷம் போச்சு" என்று பதில் வந்தால், வருத்தம் யாருக்காக என்பது தெரிந்துவிடும். பிறரை ஒட்டிப் பிழைப்பதும் ஓர் அம்சம்: யார் வீட்டில் இருந்தார், யார் பணத்தில் சாப்பிட்டார், பணம் தீர்ந்ததும் உறவு முறிந்ததா என்று கோப்பில் தேடுங்கள். ஒரே ஒரு சம்பவத்தை வைத்து 2 போடாதீர்கள். வாழ்நாள் முழுக்க அந்தப் போக்கு தெரிய வேண்டும்.

பெரிய குறை, கூட்டுத்தொகை. பிறரை ஏமாற்றுவது, ஈவிரக்கமின்மை போன்ற 8 அம்சங்களுக்கு மொத்தமே 16 மதிப்பெண். மீதி 24-உம் வாழ்க்கைமுறை, குற்றப் பின்னணி, பாலுறவு, திருமண உறவு சார்ந்தவை. அந்த 24-ஐ முழுதாக எடுத்தவருக்கு முதல் 8 அம்சங்களில் 6 கிடைத்தாலே 30 ஆகிவிடும். ஈவிரக்கமே இல்லாமல் 16-உம் வாங்கி, மற்றதில் 14 எடுத்தவருக்கும் அதே 30. மனிதர்களை நடத்தும் விதத்தில் இருவரும் ஒன்றல்ல. அதனால் அறிக்கையில் பிரிவுவாரி மதிப்பெண் கட்டாயம் இருக்க வேண்டும்.

இன்னொன்று: அமெரிக்க வழக்குகளில், ஒரே ஆளுக்கு அரசுத் தரப்பு மதிப்பீட்டாளர்கள் எதிர்த்தரப்பினரை விடக் கூடுதலாக மதிப்பெண் போடும் போக்கு ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. ஒருவருடைய சிறைவாசம் இதைப் பொறுத்து நீளலாம் என்பதால் இது சின்ன விஷயம் அல்ல. இருவர் தனித்தனியே மதிப்பிட்டுச் சராசரி எடுப்பதே முறை.

பயிற்சி பெற்ற நிபுணர்களுக்கானது இது. கணவரையோ மேலதிகாரியையோ அளக்க எடுக்காதீர்கள். நேரம் குறைவு என்றால், 1995-இல் வந்த 12 அம்சச் சுருக்க வடிவம் இருக்கிறது. 24-க்கு 18 வந்தால் முழு மதிப்பீட்டுக்கு அனுப்ப வேண்டும்.