அமெரிக்க அரசைக் கண்காணிப்பது யார்: உள்ளூர்ப் பத்திரிகையா, கேபிள் டிவியா, கைபேசியா?

2010இல் கலிபோர்னியாவின் பெல் நகர நிர்வாகி ராபர்ட் ரிஸோ, ஆண்டுக்கு ஏறத்தாழ 8 லட்சம் டாலர் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார். அமெரிக்க அதிபருக்கே 4 லட்சம்தான். பெல்லோ உழைப்பாளிகள் வாழும் ஏழை ஊர், மக்கள்தொகை 40 ஆயிரத்தைக்கூட எட்டாது. பக்கத்து ஊர் விவகாரம் ஒன்றைத் துருவிக்கொண்டிருந்த லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ் நிருபர்கள் இருவர் இதைக் கண்டுபிடித்து எழுதினார்கள். 2014இல் ரிஸோவுக்கு 12 ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. அந்த ஊர் நகர மன்றக் கூட்டங்களுக்குத் தவறாமல் போகும் ஒரு நிருபர் இருந்திருந்தால் இந்தக் கொள்ளை அவ்வளவு காலம் நடந்திருக்காது என்றே நான் நம்புகிறேன்.

இதே வேலையைக் கேபிள் செய்தித் தொலைக்காட்சி செய்யுமா? 1980இல் சிஎன்என் வந்தது. 1996இல் எம்எஸ்என்பிசியும் ஃபாக்ஸ் நியூஸும் வந்தன. 24 மணி நேரத்தையும் நிரப்பியாக வேண்டும். நாலு பேரை உட்காரவைத்து விவாதிக்க ஆகும் செலவு குறைவு. ஒரு நிருபரை மாதக்கணக்கில் ஆவணங்களைப் படிக்கவிட ஆகும் செலவு அதிகம். எனவே அங்கே பேச்சுதான் பெருகுகிறது, அதுவும் வாஷிங்டனைப் பற்றிய பேச்சு. பெல் போன்ற ஊரின் பெயர் அதில் அடிபடவே செய்யாது.

இருதரப்புக்கும் இடம் தரச் சொன்ன 'நியாயக் கோட்பாடு' 1987இல் கைவிடப்பட்டதுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று பலர் சொல்வதுண்டு. அந்த விதி அலைவரிசை உரிமம் பெற்ற வானொலி, தொலைக்காட்சி நிலையங்களுக்கானது. அதை நீக்கியதால் வானொலி அரசியல் பேச்சு மாறியது உண்மை. ஆனால் கேபிளின் போக்கை அதன் வருமான வழிதான் தீர்மானித்தது.

கைபேசியின் பலம் வேறு. 2020 மே மாதம் மினியாபொலிஸில் போலீஸ்காரர் ஒருவர் கழுத்தில் முழங்காலை அழுத்தியதில் ஜார்ஜ் ஃப்ளாய்ட் என்ற கறுப்பினத்தவர் இறந்தபோது, 'மருத்துவச் சிக்கல்' என்பதுபோல முதலில் அறிக்கை விட்டது போலீஸ். 17 வயதுப் பெண் ஒருவர் எடுத்த வீடியோ அதைப் பொய்யாக்கியது. எந்த நிருபரும் அந்த நேரத்தில் அங்கே நின்றிருக்க முடியாது. கண்முன் நடக்கும் அநியாயத்துக்குக் கைபேசியை மிஞ்சிய சாட்சி இல்லை. ஆனால் சம்பளப் பட்டியலிலும் ஒப்பந்தக் கோப்பிலும் நடக்கும் அநியாயம் கேமராவில் விழாது.

பொறுப்பிலும் மூன்றும் ஒன்றல்ல. பத்திரிகை மீதும் தொலைக்காட்சி மீதும் அவதூறு வழக்குப் போடலாம். அரசுப் பதவியில் இருப்பவர் வழக்குப் போட்டால், பொய்யென்று தெரிந்தோ உண்மையைப் பற்றிக் கவலையே இல்லாமலோ எழுதினார்கள் என நிரூபிக்க வேண்டும்; உச்ச நீதிமன்றத்தின் 1964 சல்லிவன் தீர்ப்பு தந்த பாதுகாப்பு அது. 2020 தேர்தலில் வாக்கு இயந்திரங்கள் மோசடி செய்தன என்ற பொய்யை ஒளிபரப்பியதற்காக, வாக்கு இயந்திரம் தயாரிக்கும் டொமினியன் நிறுவனம் தொடுத்த வழக்கில், 2023இல் 78.75 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது ஃபாக்ஸ். பயனர்கள் பதிவிடும் அதே பொய்யைப் பரப்பும் சமூக ஊடக நிறுவனத்தையோ 1996இன் சட்டப் பிரிவு 230 பெரும்பாலும் காப்பாற்றிவிடும்.

என் தேர்வு உள்ளூர்ப் பத்திரிகைதான். அதன் பலவீனமும் சின்னதல்ல. நியூயார்க்கில் பிரதிநிதிகள் சபைக்குப் போட்டியிட்ட ஜார்ஜ் சான்டோஸின் சொத்துக் கணக்கைப் பற்றி, 2022 நவம்பர் தேர்தலுக்கு முன்பே லாங் ஐலண்டின் சிறு வார இதழான நார்த் ஷோர் லீடர் சந்தேகம் எழுப்பியது. பெரிய ஊடகங்கள் எதுவும் அதைக் கையிலெடுக்கவில்லை. அவர் ஜெயித்த பிறகு, டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ் எழுதியபோதுதான் நாடே அதிர்ந்தது. பிரதிநிதிகள் சபை அவரை வெளியேற்ற இன்னும் ஓராண்டு ஆனது. கண்டுபிடிப்பவரிடம் ஒலிபெருக்கி இல்லை. ஒலிபெருக்கி வைத்திருப்பவர் தேடிப் போவதில்லை.

வரிவிளம்பர வருமானம் இணையத்துக்குப் போனபின், 2005 முதல் அமெரிக்கப் பத்திரிகைகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மூடப்பட்டுவிட்டன. 2019இல் சால்ட் லேக் ட்ரிப்யூன் லாப நோக்கற்ற அமைப்பாக மாறியது. நன்கொடையில் நடக்கும் மிசிசிப்பி டுடே, ஏழைகளின் நலநிதி திசைதிருப்பப்பட்டதை அம்பலப்படுத்தி 2023இல் பத்திரிகைத் துறையின் புலிட்சர் விருதை வாங்கியது. அரசுப் பணத்தை நம்புவதைவிட இந்த வழி உறுதியானது. 2025இல் பொது ஒலிபரப்புக்கான 110 கோடி டாலரை அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் ரத்து செய்தபோது, பலமான அடி விழுந்தது கிராமப்புற வானொலி நிலையங்களுக்கு.