பெங்களூரில் ‘சர்வதேச’ ஆங்கில ஆசிரியர் மாநாடு: பணம் கட்டும் முன் படியுங்கள்

கே.ஆர்.புரம் பக்கம் ஒரு தனியார் டிகிரி கல்லூரியில் 11 வருடமாக ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். சொந்த ஊர் தர்மபுரி. இந்த ஆகஸ்டில் நானும் என் துறையில் ஜூனியராக இருக்கும் ஒரு பெண்ணும் ஒரு மாநாட்டுக்காரர்களிடம் ஏமாந்தோம். ஆளுக்கு 15,490 ரூபாய் போனது. பணத்தைவிடப் பெரிய இழப்பு ஒன்றும் இருக்கிறது, கீழே சொல்கிறேன். அதே ஆட்களின் அடுத்த மாநாட்டு விளம்பரம் இப்போதே ஆசிரியர் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஜூன் மாதம் குழுவில் ஒரு போஸ்டர் வந்தது. பிறமொழிக்காரர்களுக்கு ஆங்கிலம் கற்பிப்போருக்கான சர்வதேச மாநாடு, இரண்டு நாள், அவுட்டர் ரிங் ரோட்டில் ஒரு நட்சத்திர ஹோட்டல். தலைப்பில் ‘டீசால்’ என்ற சொல் பெரிதாக இருந்தது. 1966-ல் அமெரிக்காவில் தொடங்கிய ஆசிரியர் சங்கம் ஒன்று அந்தப் பெயரில் இருக்கிறது. அவர்கள்தான் இங்கே நடத்துகிறார்கள் என்று நினைத்துவிட்டேன். டீசால் என்பது இந்தக் கற்பித்தல் துறையின் பொதுப்பெயரும்கூட, யார் வேண்டுமானாலும் போஸ்டரில் போட்டுக்கொள்ளலாம். இத்தனை வருடம் இதே தொழிலில் இருக்கும் எனக்கு இது அந்த நேரத்தில் உறைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பத்தே முக்காலுக்குக் கட்டுரைச் சுருக்கத்தை அனுப்பினேன். திங்கள் காலை ஆறு மணிக்கு ‘ஏற்றுக்கொள்ளப்பட்டது’ என்று பதில் வந்துவிட்டது. யார் படித்தார்கள், எப்போது படித்தார்கள்? ஒரு கேள்வி இல்லை, ஒரு திருத்தம் இல்லை. அன்றைக்கு எனக்கு அது சந்தோஷமாகத்தான் இருந்தது.

சந்தேகத்துக்குக் கொஞ்சம் இடம் இருந்தது, அதையும் ஒரு போன் கால் அடைத்துவிட்டது. ஒருங்கிணைப்பாளர் என்று பேசியவர் நான் ஆங்கிலத்தில் தொடங்கிய இரண்டாவது வாக்கியத்திலேயே, “மேடம், நீங்க தமிழா? எந்த ஊருங்க?” என்றார். தர்மபுரி என்றேன். “அட, நான் அரூர்தாங்க. நம்ம ஊர்க்காரங்க, பாத்துப் பண்ணிடலாம்” என்றார். இந்த ஊரில் இருக்கும் தமிழர்களுக்குத் தெரியும், நாளெல்லாம் கன்னடம், இந்தி, ஆங்கிலம் என்று மாறி மாறிப் பேசிவிட்டு ஒருவர் நம் ஊர்த் தமிழில் பேசினால் மனசு எப்படி இளகும் என்று. பதிவுக் கட்டணம் 5,500, ஜி.எஸ்.டி. 990, கட்டுரையை ஸ்கோபஸ் என்ற ஆய்விதழ்ப் பட்டியலில் உள்ள இதழில் போட 9,000. எல்லாவற்றையும் யு.பி.ஐ.யில் ஒரு தனிநபர் பெயரில் இருந்த கணக்குக்கு அனுப்பினேன். ஜூனியரையும் நான்தான் சேர்த்துவிட்டேன். ஓசூரிலிருந்து தினம் பஸ்ஸில் வந்துபோகிற பெண். சீட்டுப் பணத்தை எடுத்துக் கட்டினாள். இது என்னை இன்னும் உறுத்துகிறது.

என் கட்டுரை என்ன என்று சொன்னால்தான் கோபம் புரியும். சாயங்காலம் கம்மனஹள்ளியில் வெளிநாட்டு மாணவர்களுக்கு வகுப்பு எடுக்கிறேன். ஏமன், சூடான் நாட்டுப் பிள்ளைகள். அரபியில் ‘ப’வின் வன்மையான ஒலி கிடையாது, மென்மையானதுதான் உண்டு. நமக்கோ இரண்டு ஒலிக்கும் எழுத்து ஒன்றுதான்: தோளில் மாட்டும் பையும் ‘பேக்’, மூட்டை கட்டுவதும் ‘பேக்’. ஒரு துண்டுக் காகிதத்தை உதட்டுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு சொல்லவைப்பது பழைய பயிற்சி. ஆங்கிலேயர் சொல்லும் வன்மையான ஒலியில் மூச்சு வெடித்து வருவதால் காகிதம் படபடக்கும், மென்மையானதில் அசையாது. ஒருநாள் செய்துகாட்டினேன். என் வாய்க்கு முன்னால் காகிதம் இரண்டுக்குமே அசையவில்லை. நாம் மூச்சு விடாமல்தான் அந்த ஒலியைச் சொல்கிறோம். “டீச்சர், நீங்கள் இரண்டையும் ஒரே மாதிரிதான் சொல்கிறீர்கள்” என்றான் ஒரு பையன். பிழையில் பாதி மாணவன் நாக்கில், பாதி என் நாக்கில். அன்றிலிருந்து மூன்று வருடம் குறிப்பு எடுத்தேன், அவர்கள் பேசுவதையும் நான் பேசுவதையும் பதிவு செய்தேன். அதுதான் கட்டுரை.

மாநாட்டு நாளன்று போனால், நட்சத்திர ஹோட்டலின் அடித்தளத்தில் ஒரு சின்ன அறை. வாசலில் ஒரு ஃபிளெக்ஸ், அதில் ஒன்றன் கீழ் ஒன்றாக நான்கு மாநாடுகளின் பெயர்: ஆங்கிலம், நர்சிங், மேலாண்மை, சிவில் இன்ஜினியரிங். நான்குக்கும் அதே தேதி, அதே அறை. எனக்கு முன்னால் ஒருவர் சாம்பல் கலந்த கான்கிரீட்டின் வலிமை பற்றிப் பேசினார். பாவம், அவரும் பணம் கட்டி வந்தவர்தான். அட்டவணையில் எனக்கு 15 நிமிடம். நான்காவது நிமிடத்தில், காகிதத் துண்டை வெளியே எடுக்கும்போதே மணி அடித்துவிட்டார்கள். அமர்வுத் தலைவர் “எக்ஸலன்ட், நெக்ஸ்ட்” என்றார். காகிதம் கையிலேயே இருக்க இறங்கி வந்தேன். சான்றிதழில் என் பெயர் தப்பு. 1,500 ரூபாய் கட்டினால் ‘சிறந்த கட்டுரை’ விருதும் உண்டு என்றார்கள்.

சிறப்புரை என்று போட்டிருந்த இங்கிலாந்துப் பேராசிரியர் வரவில்லை. எங்கோ என்றைக்கோ பேசிய வீடியோவை ஓட்டினார்கள். அவருடைய பல்கலைக்கழக மின்னஞ்சலுக்கு எழுதிக் கேட்டேன். இப்படி ஒரு மாநாட்டைக் கேள்விப்பட்டதே இல்லை என்று அன்றைக்கே பதில் போட்டார். பணம் கட்டுவதற்கு முன் அனுப்பியிருக்க வேண்டிய மின்னஞ்சல் அது. இது புதுத் தந்திரம் இல்லை. ஹைதராபாத்தைச் சேர்ந்த ஒரு பதிப்பக நிறுவனத்தின் மேல் 2016-ல் அமெரிக்க அரசின் வணிகக் கண்காணிப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் வழக்குப் போட்டது. வர ஒப்புக்கொள்ளாதவர்களின் பெயரைப் போட்டு மாநாட்டுக்கு ஆள் சேர்த்ததும் அதில் ஒரு குற்றச்சாட்டு. 2019-ல் 5 கோடி டாலருக்கு மேல் கட்டச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிட்டது.

இப்போது அந்தப் பெரிய இழப்பு. கட்டுரையை வாங்கும்போதே, அதன் உரிமையை அவர்களுக்கு எழுதிக்கொடுக்கும் காப்புரிமைப் படிவம் ஒன்றை அனுப்பினார்கள், நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். கட்டுரை வந்த இதழ் ஸ்கோபஸில் ஒரு காலத்தில் இருந்தது உண்மை. அதை எடுத்துக்கொள்வதை நிறுத்திவிட்டதாக ஸ்கோபஸ் பட்டியலிலேயே போட்டிருக்கிறது. அந்தப் பட்டியலை யாரும் காசில்லாமல் பார்க்கலாம், இதழின் அடையாள எண்ணான ஐ.எஸ்.எஸ்.என்.-ஐப் போட்டுத் தேடினால் ஒரு நிமிட வேலை. கட்டுரையைத் திரும்பக் கேட்டேன். எடுப்பதற்கு 4,000 ரூபாய் என்றார் அரூர்க்காரர். ஒருமுறை அச்சான கட்டுரையை நல்ல இதழ் எதுவும் வாங்காது. மூன்று வருட உழைப்பு யாரும் படிக்காத ஓர் இடத்தில், பிழை திருத்தாமல் கிடக்கிறது. கல்லூரியிலும் அதற்கு மதிப்பில்லை. இந்த மாதிரி போலி மாநாடுகளையும் இதழ்களையும் பதவி உயர்வுக்குக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2019-லேயே அறிவிப்பு கொடுத்திருக்கிறது. “அக்கா, அப்ப என் ஃபைல்ல எதுவுமே சேராதா?” என்று ஜூனியர் கேட்டபோது எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

‘ஐ.எஸ்.பி.என். எண்ணுடன் தொகுப்பு’ என்று, புத்தகங்களுக்குத் தரும் அடையாள எண்ணைப் பெருமையாகப் போடுவார்கள். மயங்காதீர்கள். இந்தியாவில் அந்த எண்ணை அரசு இலவசமாகத்தான் கொடுக்கிறது, தரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ரசீதில் ஜி.எஸ்.டி. எண் இருந்தால் எண்ணிப் பாருங்கள். 15 எழுத்து இருக்க வேண்டும், கர்நாடகப் பதிவு என்றால் 29-ல் தொடங்கும். என் ரசீதில் 14 தான் இருந்தது. ஜி.எஸ்.டி. தளத்தில் போட்டால் யாருடையது என்று தெரிந்துவிடும். அப்புறம், அதே ஹோட்டல் பெயரையும் தேதியையும் சேர்த்துத் தேடுங்கள். சம்பந்தமே இல்லாத துறைகளின் மாநாடும் அங்கேயே வந்தால் விட்டுவிடுங்கள்.

நல்ல இடங்கள் இல்லாமல் இல்லை. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட எல்டாய் என்ற ஆங்கில ஆசிரியர் சங்கம் 1974 முதல் இருக்கிறது. நம் பெங்களூரிலேயே ஞானபாரதியில் தென்னிந்திய வட்டார ஆங்கிலக் கல்வி நிறுவனம் 1963 முதல் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறது. எங்கே கூப்பிட்டாலும், இங்கே இருக்கிற மூத்த ஆசிரியர் யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன், இரண்டு மாதமாகியும் பதில் இல்லை. அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் அங்கே கட்டணம் கிடையாது, ஆன்லைனிலேயே மனு போடலாம். யு.பி.ஐ. ரசீது, போஸ்டர், வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் அழிக்காமல் வைத்திருங்கள். என்னைப் போலவே கட்டியவர்கள் இருந்தால் எழுதுங்கள், சேர்ந்தே போடலாம்.

இதே ஆட்களின் அடுத்த மாநாடான டிசம்பர் மாநாட்டுக்கு ஏற்கெனவே பணம் அனுப்பிவிட்டவர்களுக்கு ஒன்று. பணம் திரும்புமோ என்னவோ, காப்புரிமைப் படிவத்தில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள், முழுக் கட்டுரையை அனுப்பவும் அனுப்பாதீர்கள். நானும் ஜூனியரும் கம்மனஹள்ளி வகுப்பில் புதிதாகப் பதிவு எடுக்கத் தொடங்கியிருக்கிறோம், முதலிலிருந்து.