பழைய வெள்ளி: சிங்கமா, மினர்வாவா, மெட்ராஸா?

பழைய வெள்ளிச் சாமான் ஒன்று வாங்க வேண்டும், அதன் வயதை நானே முத்திரையைப் படித்துக் கண்டுபிடிக்க வேண்டும் என்பது ஆசை. தேடியதில் இங்கிலாந்து, பிரான்ஸ், நம்ம மெட்ராஸ் என்று மூன்று வகை கண்ணில் பட்டன. கடைசியில் வாங்கியது லண்டன் முத்திரை போட்ட பரிமாறும் கரண்டி. ஆகவே இதில் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

ஈ.பி.என்.எஸ். என்று பொறித்தவற்றை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். அது நிக்கல் கலந்த உலோகத்தின் மேல் போட்ட வெள்ளி முலாம். அந்த நான்கு எழுத்தையும் தனித்தனிக் கட்டத்துக்குள் வளைத்து நெளித்து அடித்திருப்பார்கள். சட்டென்று பார்த்தால் அசல் முத்திரை வரிசை என்றே தோன்றும்.

சுத்தத்தில் பிரான்ஸ்தான் முந்துகிறது. 1838 முதல் அங்கே மினர்வா தேவதையின் தலை முத்திரை. கூடவே 1 என்றிருந்தால் ஆயிரத்துக்கு 950 பங்கு வெள்ளி, 2 என்றிருந்தால் 800. இங்கிலாந்தின் ‘ஸ்டெர்லிங்’ என்ற தரம் 925. பிரெஞ்சுச் சாமானில் செய்த பட்டறையின் குறி சாய்சதுரக் கட்டத்துக்குள் இருக்கும். எல்லாம் சரி, வயது? அதே மினர்வா 1850-லும் உண்டு, 1920-லும் உண்டு. பட்டறை எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை நடந்தது என்று தேடிப் பிடித்தால் ஒரு உத்தேசக் காலம் கிடைக்கும், அவ்வளவுதான்.

இங்கிலாந்து ஜெயிப்பது இந்த இடத்தில்தான். நடக்கும் சிங்கம் இருந்தால் ஸ்டெர்லிங். 1544 முதல் அடிக்கிறார்கள். சிறுத்தைத் தலை என்றால் லண்டன், நங்கூரம் என்றால் பர்மிங்காம், பழைய ஷெஃபீல்டுக்குக் கிரீடம். இவற்றோடு ஆண்டைச் சொல்லும் ஓர் எழுத்து. லண்டனில் ஏ முதல் யு வரை, ஜே-யை விட்டுவிட்டு, இருபது எழுத்து, ஆண்டுக்கு ஒன்று. சுற்று முடிந்ததும் எழுத்தின் வடிவத்தையோ கட்டத்தின் வடிவத்தையோ மாற்றி மறுபடி ஏ-யில் தொடங்குவார்கள்.

குழப்பமும் இங்கேதான் வரும். 1776, 1816, 1896 மூன்றுக்குமே லண்டனில் சின்ன ‘ஏ’. கட்டத்தின் ஓரம் தேய்ந்துபோயிருந்தால் எழுத்தை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. பக்கத்து முத்திரைகளைப் பாருங்கள். 1784 முதல் 1890 வரை வரி கட்டியதற்கு அடையாளமாக அரசரின் தலையும் அடிக்கப்பட்டது. சிறுத்தையின் தலையில் 1821 வரை கிரீடம் இருந்தது, பிறகு எடுத்துவிட்டார்கள். சிறுத்தைக்குக் கிரீடம் இருந்து அரசர் தலை இல்லையென்றால் 1776. இரண்டும் இருந்தால் 1816. இரண்டும் இல்லையென்றால் 1896. அட்டவணைப் புத்தகம் கையில் இல்லாமலே முடிவுக்கு வந்துவிடலாம். ஒன்று மட்டும்: அந்தக் காலத்தில் லண்டனில் எழுத்து மே மாதத்தில் மாறியது, அதனால் ஒவ்வொரு எழுத்தும் இரண்டு ஆண்டுகளில் கால் வைத்திருக்கும்.

என் கரண்டி 1816. பத்து மடங்கு லென்ஸில் ஐந்து குறிகளும் தெளிவாகத் தெரிந்தன, அதற்காகவே கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தேன். பளபளவென்று மின்னி, முத்திரை மட்டும் மொழுமொழுவென்று ஆகிவிட்ட சாமானை நான் தொட மாட்டேன். தலைமுறை தலைமுறையாகப் பாலிஷ் போட்டுத் தேய்த்ததில் வயதுச் சான்றே போயிருக்கும். 1780-க்கு முந்தைய கரண்டிகளில் காம்பின் ஒடுங்கிய அடிப்பகுதியில் அடித்தார்கள். அங்கே குறிகள் நசுங்கியே இருக்கும், அது குற்றமில்லை. சின்னச் சாமானிலிருந்து முத்திரைத் துண்டை வெட்டிப் பெரிய பாத்திரத்தில் பற்றவைக்கும் மோசடியும் பழையதுதான். முத்திரையைச் சுற்றி வாயால் ஊதினால் சில சமயம் பற்றின கோடு தெரியும்.

திரும்ப விற்கும்போது? நம்மூர் வெள்ளிக் கடையில் நீட்டினால் 1816-ஆவது, 1916-ஆவது, தராசில் போட்டு எடைக்குத்தான் விலை சொல்வார்கள். அந்தக் கணக்கில் முதல் தர மினர்வாதான் லாபம். ஆண்டுக்கு மதிப்புக் கொடுப்பவர்கள் சேகரிப்பாளர்களும் ஏலக்காரர்களும்தான். நான் இன்னும் எதையும் விற்றுப் பார்க்கவில்லை, பிரெஞ்சுச் சாமான்களைக் கையில் எடுத்துப் பார்த்ததும் குறைவு. அதனால் இந்தப் பத்தியைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே படியுங்கள்.

மெட்ராஸ் கதை வேறு. அண்ணா சாலைக் கடிகாரக் கடையாக நமக்குத் தெரிந்த பி. ஆர் அண்ட் சன்ஸ் 19ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்களுக்காக ‘ஸ்வாமி’ வேலைப்பாடு செய்து விற்றது. டீ பாத்திரத்தைச் சுற்றிச் சாமி உருவங்கள் புடைத்து நிற்கும். லண்டன்போல வெள்ளியைச் சோதித்து முத்திரை அடிக்கும் சோதனைச் சாலை இங்கே இல்லாததால் சிங்கமும் இல்லை, ஆண்டு எழுத்தும் இல்லை. கம்பெனி பெயர்தான் முத்திரை. யாருக்காவது பரிசளித்த வாசகமும் தேதியும் பொறித்திருந்தால் அதிர்ஷ்டம். அப்படி ஒன்று கிடைத்தால், முத்திரைக் கணக்கையெல்லாம் மறந்து வேலைப்பாட்டுக்காகவே வாங்கிவிடுவேன்.