பத்துப் பிரதி போட்டோ காலண்டர்: செலவு ஏறும் இடங்கள்

பத்துப் பிரதிக்கு ஆஃப்செட் (அச்சுத் தகடு செய்து அடிக்கும் முறை) பக்கமே போக வேண்டாம். அட்டையும் பன்னிரண்டு மாதமும் சேர்ந்து ஏ4 அளவில் 13 தாள். ஒரு பெரிய அச்சு ஷீட்டில் இரண்டிரண்டாக அடுக்கினாலும் ஏழு ஃபாரம் (ஒரே தடவையில் அச்சாகும் பக்க அமைப்பு), ஃபாரத்துக்கு நிறத்துக்கு ஒன்றாக நாலு பிளேட் (அச்சுத் தகடு), மொத்தம் 28 பிளேட். பத்து எடுத்தாலும் ஆயிரம் எடுத்தாலும் அந்தச் செலவு குறையாது. டிஜிட்டலில் பிளேட் கிடையாது. ஷீட்டின் ஒரு முகத்தை அடித்தால் ஒரு க்ளிக், அதை எண்ணித்தான் கட்டணம். விலை கேட்கும் முன்பே ஒரு பிரதிக்கு எத்தனை க்ளிக் விழும் என்று நாமே போட்டுப் பார்த்துவிடலாம்.

ஏ3-ஐ விடச் சற்றுப் பெரிய எஸ்ஆர்ஏ3 அச்சு ஷீட் 450 × 320 மி.மீ. இரண்டு ஏ4 பக்கங்கள் 3 மி.மீ. ப்ளீடோடு (வெட்டுக்கோட்டைத் தாண்டி நீளும் படப் பகுதி) அதில் உட்காரும். சாதா ஏ3-இல் ப்ளீடுக்கு இடமிருக்காது, வெட்டும்போது ஓரத்தில் வெள்ளைக் கோடு விழும். ஒரு பிரதிக்கு ஆறரை ஷீட். ஒன்றே ஒன்று எடுத்தால் ஏழாவது ஷீட்டில் பாதி வீண். இரண்டு எடுத்தால் சரியாக 13. இரட்டைப்படையில் கொடுப்பதே லாபம். ஏ5 மேசைக் காலண்டர் இன்னும் சிக்கனம். இருபுறமும் அடித்தால் ஏழே தாள். நாலு பிரதிக்கு 28 தாள், ஏழு ஷீட், 14 க்ளிக், பிரதிக்கு மூன்றரைதான். ஆனால் முக்கோண ஸ்டாண்ட் கைவேலை. அதன் கூலியைத் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள், மிச்சம் பிடித்ததை அதுவே தின்றுவிடலாம்.

வருடம் முழுக்கத் தொங்கவேண்டிய பொருள் என்பதால் பேப்பரில் மிச்சம் பிடிக்காதீர்கள். 130 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற எடை) பேப்பர் ஈரக் காற்றில் ஓரம் சுருண்டுவிடுகிறது. சுவருக்கு 170, மேசைக்கு 250 நன்றாக நிற்கிறது. வைரோ பைண்டிங்கில் (துளைகளில் கம்பி வளையம் கோக்கும் முறை) முதலில் கிழிவது துளைக்கும் விளிம்புக்கும் நடுவிலுள்ள மெல்லிய பட்டைதான். கம்பியின் வாய் முழுக்க மூடி, கடைசித் தாளுக்குப் பின்னால் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். இடைவெளி இருந்தால் தாள் ஒவ்வொன்றாக நழுவும். நடுவில் பின் அடிக்கும் வகையில் கம்பிச் செலவு மிச்சம்தான், ஆனால் க்ரீசிங் போடாமல் (மடிக்கும் கோட்டை முன்பே அழுத்திவைக்காமல்) மடித்தால் மடிப்பில் டோனர் (டிஜிட்டல் அச்சின் மைப்பொடி) வெடித்து வெள்ளை தெரியும். லேமினேஷன் அட்டைக்கு மட்டும் போதும். உள்ளே போட்டால் தேதிக் கட்டத்தில் பேனா எழுதாது.

படம் ஏ4 முழுக்க வரவேண்டுமானால் 3508 × 2480 பிக்சல் வேண்டும். சாட்டில் சுருங்கி வந்த 1600 பிக்சல் படத்தை அந்த நீளத்துக்கு இழுத்தால் 137 டிபிஐ-தான் (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி) நிற்கும், முகங்கள் குழைந்துவிடும். திரையில் பளிச்சென்று தெரியும் நீலமும் பச்சையும் அச்சில் மங்கும். இருப்பதிலேயே இருட்டான படத்தை மட்டும் ஒரு ஷீட் ப்ரூஃப் (மாதிரி அச்சு) எடுத்துப் பார்ப்பது மலிவான காப்பீடு.

தேதிக் கட்டத்தையும் எண்ணிப் பாருங்கள். ஞாயிறில் வாரம் தொடங்கினால் 2026 பிப்ரவரிக்கு நாலே வரிசை. சனிக்கிழமை பிறக்கும் ஆகஸ்டுக்கு ஆறு. ஐந்து வரிசை டெம்ப்ளேட்டில் 30-உம் 31-உம் காணாமல் போகும். பைண்டிங்குக்குப் பிறகு கண்ணில் பட்டால் அந்தத் தாளை மட்டும் மாற்றினால் தீராது. ஒருமுறை பிரித்த கம்பி மறுபடி சீராக மூடாது, பத்துப் பிரதிக்கும் புதுக் கம்பி போட வேண்டியிருக்கும்.