ஏப்ரல் கிராப்பிக்கு எந்த ஏரி, எந்தத் தூண்டில்?

அமெரிக்காவின் மேற்கு டென்னசியில் ஏப்ரல் பிறந்துவிட்டால், கிராப்பி என்ற நன்னீர் மீனைப் பிடிப்பவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். ஒரு கட்சிக்கு ரீல்ஃபுட் ஏரி, இன்னொன்றுக்குக் கென்டக்கி ஏரி. காரில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேர இடைவெளிதான். ஆனால் தண்ணீருக்கடியில் இரண்டும் வேறு வேறு உலகம். ஒன்றில் வேலைசெய்யும் தூண்டிலை அப்படியே இன்னொன்றுக்குக் கொண்டுபோனால் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். அதனால் முதலில் ஏரியை முடிவுசெய்யுங்கள், கடைக்கு அப்புறம் போகலாம்.

ரீல்ஃபுட் நிலநடுக்கத்தில் பிறந்த ஏரி. 1811–12 குளிர்காலத்து நியூ மாட்ரிட் நிலநடுக்கங்களில் நிலம் தாழ்ந்து, காடு நின்ற இடத்தில் தண்ணீர் தேங்கியது. அந்த மரங்களின் அடிக்கட்டைகள் இன்னமும் உள்ளே இருக்கின்றன, பல இடங்களில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழேதான். ஏரியின் சராசரி ஆழம் ஐந்தடி சொச்சம். ஆழமில்லாத தண்ணீர் வெயிலில் சீக்கிரம் சூடேறும். நாலு நாள் நல்ல வெயில் அடித்தால் போதும், சைப்ரஸ் மரத்தடி, கட்டை, அல்லிப் படுகை என்று மீன் கரைப்பக்கம் ஏறிவிடும். படகுக்குத்தான் சோதனை. பெரிய மோட்டாரை முடுக்கினால் கட்டையில் மோதும். இந்த ஏரிக்கென்றே தட்டையான அடியுள்ள மரப்படகு செய்து, முன்பக்கம் பார்த்தபடியே துடுப்பு போடும்படி கீல் வைத்த துடுப்புகளையும் பொருத்தினார்கள் இங்கத்துக்காரர்கள். வரும் கட்டையைப் பார்த்து விலக வேறு என்ன வழி!

கென்டக்கி ஏரி மனிதன் கட்டியது. டென்னசி ஆற்றின் குறுக்கே 1944இல் முடிந்த அணையால் உண்டானது. நீளம் 184 மைல், பரப்பு 1,60,000 ஏக்கர். இங்கே வசந்தத்தில் கவனிக்க வேண்டியது நீர்மட்டம். குளிர்காலத்தில் கடல்மட்டத்திலிருந்து 354 அடி உயரத்தில் வைத்திருக்கும் மட்டத்தை ஏப்ரலில் மெல்ல ஏற்றி மே தொடக்கத்தில் 359 அடிக்குக் கொண்டுவருகிறார்கள். மார்ச்சில் காய்ந்து நின்ற கரையோரப் புதர்கள் ஏப்ரல் முடிவில் தண்ணீருக்குள் நிற்கும். முட்டையிடும் முன்பு மீன்கள் ஓடைகளின் பழைய தடத்தை ஒட்டி, பத்துப் பதினைந்தடி ஆழத்தில், கட்டிப்போட்ட மரக்கிளைக் குவியல்களைச் சுற்றிக் கூடும். தண்ணீர் ஏற ஏற அவையும் குடாக்களுக்குள் நகரும். நீருக்கடியில் இருப்பதை ஒலியால் காட்டும் சோனார் கருவி இல்லாமல் அந்தக் குவியலைத் தேடுவது சிரமம். ஆனால் மீன்வளத் துறையினர் தாங்கள் போட்ட குவியல்கள் எங்கே இருக்கின்றன என்பதை ஜிபிஎஸ் குறிப்போடு வெளியிடுகிறார்கள், அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

இரண்டு ஏரியிலும் காலண்டரைவிட வெப்பமானியை நம்புங்கள். தண்ணீர் 60 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டி 68-க்குள், அதாவது ஏறக்குறைய 16 முதல் 20 செல்சியஸ், இருக்கும்போதுதான் கூடு போடும் காலம்.

சரி, தூண்டிலுக்கு வருவோம். உயிர் மின்னோவா (இரையாகக் கோக்கும் சிறு மீன்), ஜிக்கா (முள்ளோடு எடைத் தலை வைத்த செயற்கை இரை) என்ற சண்டை ஓய்ந்தபாடில்லை. ஆழம் தெரிந்து, மீன் சோம்பியிருக்கும்போது மின்னோவுக்கு ஈடில்லை. அது தானே துடித்து மீனைக் கூப்பிடும். ஆனால் வாளியும் காற்றுக் குழாயும் சுமக்க வேண்டும், ஒவ்வொரு கடிக்கும் புது இரை கோக்க வேண்டும். ஜிக் போட்டால் கட்டைக்குக் கட்டை வேகமாகத் தாவலாம். ரீல்ஃபுட்டில் என் ஓட்டு ஜிக்குக்கே: பத்து அல்லது பன்னிரண்டடிக் கழி, அதன் நுனியிலிருந்து நேர்கீழாகக் கட்டையை ஒட்டி இறக்கும் 1/16 அவுன்ஸ் ஜிக். கலங்கிய தண்ணீரில் பளிச்சென்ற பச்சைமஞ்சளும் கறுப்பும் எடுபடும். கென்டக்கியில் மார்ச் கடைசிவரை மின்னோ, மீன் புதருக்கு ஏறியபின் ஜிக்.

தக்கையிலும் வித்தியாசம் உண்டு. மூன்றடித் தண்ணீரில் அசையாத தக்கை போதும். பன்னிரண்டடி ஆழத்துக்கு அதைக் கட்டினால் அவ்வளவு தூண்டில் நரம்பையும் தொங்கவிட்டு வீச முடியாது. அங்கே முடிச்சுவரை வழுக்கி ஓடும் தக்கைதான் வேண்டும். எதைக் கட்டினாலும் இரையை மீனுக்குச் சற்று மேலேயே நிறுத்துங்கள். கிராப்பி மேல்நோக்கிப் பார்த்து எழும்பித் தின்னும் மீன். தனக்குக் கீழே கிடப்பதை அது பெரும்பாலும் சீந்தாது.

நரம்பில் பலர் கஞ்சம் பிடிக்கிறார்கள். திறந்த தண்ணீரில் ஆறு பவுண்டு இழுவை தாங்கும் நரம்பு சரி. கட்டைகளுக்கிடையில் எட்டோ பத்தோ போடுங்கள், முள் மட்டும் மெல்லிய கம்பியாக இருக்கட்டும். சிக்கினால் நிதானமாக இழுக்க, நரம்பு அறுவதற்குள் முள் நிமிர்ந்து வெளியே வரும், வளைத்துவிட்டுத் தொடரலாம். மீன் கடித்ததும் வெடுக்கென்று இழுக்காதீர்கள். அதன் வாய்த்தோல் காகிதம்போல மெல்லியது, கிழிந்துவிடும்.

முன்பக்கம் ஆறு, எட்டுக் கழிகளை விசிறிபோல வைத்து மெதுவாகத் தள்ளிப்போகும் முறை கென்டக்கியின் திறந்த ஓடைத்தடங்களில் பிரமாதமாக வேலைசெய்யும், எந்த ஆழம், எந்த நிறம் என்று சீக்கிரம் காட்டிக்கொடுக்கும். ரீல்ஃபுட் கட்டைகளுக்குள் அது வீண் வேலை. எனக்கு ஒற்றைக் கழியே பிடிக்கும்; கடி நேரே மணிக்கட்டில் தெரியும்.

கரையோரத்தில் கருகருவென்று நிறம் மாறி நிற்பது கூட்டைக் காக்கும் ஆண். அதை நிறையப் பிடிக்க முடியும் என்பதற்காகப் பெட்டியை நிரப்புவதில் எனக்கு உடன்பாடில்லை. சாப்பாட்டுக்கு வேண்டியதை எடுத்து மற்றதை விட்டுவிடுங்கள். கென்டக்கி ஏரி இரண்டு மாநிலங்களில் கிடக்கிறது, உரிமமும் அளவு விதியும் எந்தப் பக்கத்துக்கு எது என்று கிளம்பும்முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிறு படகு, சோனார் இல்லை, ஏப்ரல் நடுவில் இளவெயில் என்றால் கண்ணை மூடிக்கொண்டு ரீல்ஃபுட். நடுவில் குளிர்காற்று திரும்பிவிட்டதா, கென்டக்கிக்கு வண்டியைத் திருப்புங்கள். ரீல்ஃபுட் மீனுக்கு இறங்கிப் போக ஆழமில்லை, கட்டையோடு ஒட்டிக்கொண்டு வாயைத் திறக்காது. கென்டக்கியில் அது பின்வாங்கி முந்தின மாதம் நின்ற அதே பன்னிரண்டடிக் குவியலுக்கே போயிருக்கும், மின்னோவோடு அங்கே இறக்கிப் பாருங்கள்.