2 கன மீட்டர் கோபர் கேஸ்: பல வருடம் ஓட்டிய பிறகு சொல்ல வேண்டியவை

கோபர் கேஸ், அதாவது சாண எரிவாயுக் கலன் கட்ட நினைக்கிறவர்கள் முதலில் கேட்பது "எத்தனை மாடு வேணும்?" என்பதுதான். மாட்டை எண்ணி ஒன்றும் ஆகாது. கட்டுத்தரையில் அள்ளுகிற சாணத்தை ஒரு வாரம் தராசில் போட்டுப் பாருங்கள். அதையும் பச்சைத் தீவனம் தாராளமாகக் கிடைக்கும் ஐப்பசி, கார்த்திகையில் செய்யாமல் சித்திரை, வைகாசியில் செய்யுங்கள். அப்போது வரும் எடையை வைத்துத்தான் கலனின் அளவை முடிவு செய்ய வேண்டும். ஊர்ப்பக்கம் செத்துக் கிடக்கிற கலன்களைப் பார்த்தால், பழுதாகிப் போனவற்றைவிட, இருக்கிற சாணத்துக்கு மிஞ்சிக் கட்டிப் பட்டினியில் போனவையே அதிகம்.

கணக்கு எளிது. 1 கிலோ புதுச் சாணத்தில் சுமார் 40 லிட்டர் வாயு கிடைக்கும். 2 கன மீட்டர் கலனுக்கு நாள்தோறும் 50 கிலோ சாணம் தேவை. கட்டிப் போட்டு வளர்க்கிற கலப்பினப் பசு ஒன்று 12 முதல் 15 கிலோ போடும். நாட்டு மாடு 8 முதல் 10 கிலோ போட்டாலும், மேய்ச்சலுக்குப் போனால் பாதி காட்டிலேயே விழுந்துவிடும். ஆக, 2 கன மீட்டருக்கு 4 கலப்பின மாடுகள் வருடம் முழுக்கக் கட்டுத்தரையில் நிற்க வேண்டும். சமையலுக்கு ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 0.24 முதல் 0.3 கன மீட்டர் வாயு என்று வைத்தால், 2 கன மீட்டர் 6, 7 பேர் உள்ள வீட்டுக்குச் சரியாக இருக்கும். 4 பேர் இருக்கிற வீட்டில் 2 கறவை மாடு நிற்கிறதென்றால் 1 கன மீட்டரே போதும். "எதுக்கும் இருக்கட்டும், கொஞ்சம் பெருசாவே போடுவோம்" என்பது தண்ணீர்த் தொட்டிக்குப் பொருந்தும், இதற்குப் பொருந்தாது.

ஏன் என்று கேட்டால், தீனபந்து என்ற கலன் மாதிரியின் உள்ளே நடப்பதைப் பார்க்க வேண்டும். 1984-இல் அஃப்ப்ரோ (AFPRO) என்ற தொண்டு அமைப்பு உருவாக்கிய இந்த மாதிரியில் அசைகிற பாகம் எதுவும் கிடையாது. செங்கல் குவிமாடத்துக்குள் வாயு சேரச் சேர, அது கரைசலை அழுத்தி வெளித்தொட்டிக்குத் தள்ளுகிறது. அங்கே ஏறி நிற்கிற கரைசலின் எடைதான் அடுப்பு வரை வாயுவைத் தள்ளும் விசை. பாதிச் சாணம் மட்டும் போட்டால் கரைசல் மட்டம் வெளித்தொட்டியின் வாய் வரை ஏறாது. பழைய ஸ்லரி (செரித்த சாணக் கரைசல்) வெளியே போகாமல் உள்ளேயே நின்று, மேலே ஏடு கட்டி, அடியில் மண் இறுகும். வாயு கொஞ்சம் உண்டாகும், ஆனால் அடுப்பில் அழுத்தம் இருக்காது. வீட்டுப் பெண்கள் நாலு நாள் பார்த்துவிட்டு சிலிண்டருக்குத் திரும்பிவிடுவார்கள். அதன்பின் சாணம் கரைக்க யாருக்கும் கை வராது.

மிதக்கும் மூடி உள்ள காதி கிராமத் தொழில் ஆணைய மாதிரியில் இந்தச் சிக்கல் குறைவு. மூடியின் எடையே அழுத்தம் தருவதால், மூடி அடியில் உட்காருகிற வரை சுடர் ஒரே சீராக எரியும். எவ்வளவு வாயு இருக்கிறது என்பதும் மூடியின் உயரத்தைப் பார்த்தால் தெரியும். ஏடு கட்டினால் மூடியைக் கையால் அரைச் சுற்றுத் திருப்பி உடைக்கலாம். ஆனால் இரும்பு மூடி என்றால் வருடம் ஒருமுறை சுரண்டி கறுப்பு பிட்டுமன் பெயின்ட் அடித்தே ஆக வேண்டும். துரு முதலில் பிடிப்பது மூடியின் உச்சியில் அல்ல, கரைசலும் காற்றும் மாறி மாறிப் படுகிற அந்த ஒரு சாண் அகலப் பட்டையில். அங்கே ஊசி முனை ஓட்டை விழுந்தால் சோப்புத் தண்ணீர் தடவினால்தான் தெரியும். இப்போது ஃபைபர் மூடிகள் வருகின்றன. துரு இல்லை, ஆனால் எடை குறைவு என்பதால் மேலே கல்லோ மணல் மூட்டையோ வைத்தால்தான் அடுப்பில் அழுத்தம் நிற்கும். நல்ல கொத்தனார் கிடைத்தால் தீனபந்து, கிடைக்காவிட்டால் ஃபைபர் மூடி என்பதே என் முடிவு. தீனபந்து கட்டிப் பழகாத கொத்தனாரிடம் குவிமாடத்தைக் கொடுப்பது காசைக் குழியில் போடுவதற்குச் சமம். வீட்டுச் சுவர் பூசுகிற கைக்கு வாயு புகாத பூச்சு தானாக வந்துவிடாது.

கட்டி முடித்ததும் சாணம் போட அவசரப்படாமல், தண்ணீர் நிரப்பிச் சோதியுங்கள். முதல் இரண்டு நாள் சுவர் தண்ணீரை உறிஞ்சும், மட்டம் இறங்கும். அது கசிவு அல்ல. பிறகு வாயுக் குழாயில் உள்ள கேட் வால்வை மூடிவிட்டு மேலும் தண்ணீர் ஊற்றினால் குவிமாடத்துக்குள் காற்று அடைபட்டு அழுத்தம் ஏறும். இதை அளக்க விலை கொடுத்து மீட்டர் வாங்க வேண்டாம். ஒரு மீட்டருக்கு மேல் உயரமான பலகையில் ஒளி ஊடுருவும் டியூபை 'ப' எழுத்து வடிவில் வளைத்துக் கட்டி, பாதிக்குச் சாயத் தண்ணீர் ஊற்றி, ஒரு முனையை வாயுக் குழாயில் வால்வுக்குக் கலன் பக்கமாகச் செருகினால் போதும். இரு பக்கத் தண்ணீர் மட்டத்துக்கும் உள்ள வித்தியாசமே அழுத்தம். இன்று காலை 7 மணிக்குப் பார்த்த அளவை நாளை காலை 7 மணிக்கே ஒப்பிட வேண்டும். வெயிலில் காற்று விரிவதால் மதிய அளவு ஏமாற்றும். ஒரு நாளில் சில செ.மீ.க்கு மேல் இறங்கினால் உள்பூச்சை மறுபடியும் போடச் சொல்லுங்கள். சாணம் போட்ட பிறகு அந்த வேலைக்கு இறங்க ஆளே கிடைக்காது. சோதனை முடிந்ததும் பலகையை அடுப்படிச் சுவரில் மாட்டிவிட்டால், அதுவே பிறகு வாயு இருப்பைக் காட்டும். தீனபந்துவில் முழு அழுத்தம் கிட்டத்தட்ட 90 செ.மீ. வரை போகும், மிதக்கும் மூடியில் 8 முதல் 10 செ.மீ.தான்.

முதல் நிரப்புக்கு 40 நாள் கணக்கில் 2,000 கிலோ சாணமும் அதே அளவு தண்ணீரும் வேண்டும். இதை முன்கூட்டியே குவித்து வைத்துக் காய விட்டால் பயனில்லை. ஈரச் சாக்கு போட்டு மூடி வையுங்கள். பக்கத்துத் தோட்டத்தில் ஓடுகிற கலன் இருந்தால் அங்கிருந்து பத்தில் ஒரு பங்கு ஸ்லரி வாங்கி ஊற்றுங்கள், வாயு சீக்கிரம் பிடிக்கும். முதலில் வருகிற வாயு எரியாது. அதில் கரியமில வாயுவும் உள்ளே இருந்த காற்றும்தான் அதிகம். இரண்டு முறை முழுவதும் திறந்து வெளியேற்றிவிட்டு, மூன்றாவது நிரப்பில் அடுப்பில் மட்டுமே பற்றவைத்துப் பாருங்கள். கலன் வாயிலோ குழாய் முனையிலோ தீக்குச்சி கொண்டுபோகவே கூடாது. காற்று கலந்த வாயு என்றால் தீ உள்ளே பின்வாங்கும்.

தினசரி வேலை அரை மணி நேரம். சாணமும் தண்ணீரும் சரிக்குச் சரி, தோசை மாவுப் பதம். கரைக்கும் தொட்டியின் அடியில் ஒரு கட்டையை அடைத்து வைத்துக்கொண்டு, கரைத்ததும் ஐந்து நிமிடம் விட்டு, பிறகு கட்டையைப் பிடுங்கி விடுங்கள். அடியில் தங்குகிற கடைசிப் படி மணலும் கல்லும்தான். அதை உள்ளே விடாமல் வாரிக் கொட்டுங்கள். இந்த ஒரு பழக்கத்தால் கலனை இறைத்துத் தூர் வாரும் வேலை பல வருடம் தள்ளிப் போகும். மண் தரைக் கட்டுத்தரை வைத்திருப்பவர்களுக்கு இது கட்டாயம். சோளத்தட்டு, வைக்கோல் துண்டுகளைக் கையால் அரித்து எடுத்துவிட வேண்டும். ஏடு கட்டுவதற்கு அவைதான் காரணம். மார்கழி, தை மாதங்களில் வாயு குறைவது கண்ணுக்கே தெரியும், ஏனென்றால் நுண்ணுயிரிகளுக்கு 35 டிகிரிச் சூடு பிடிக்கும். கறுப்பு டிரம்மில் வெயிலில் வைத்த தண்ணீரால் மத்தியானம் கரைத்துப் போட்டால் ஓரளவு ஈடுகட்டலாம். விடிகாலைக் குளிர்ந்த கிணற்றுத் தண்ணீர் வேண்டாம்.

கட்டுத்தரையை பினாயில், பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவிய அன்று அந்தச் சாணத்தைக் கலனில் சேர்க்காதீர்கள். மாட்டுக்கு மடிநோய் ஊசி போட்டிருந்தாலும் சில நாள் அதன் சாணத்தை எருக்குழிக்கு அனுப்புங்கள். திடீரென்று வாயு நின்றதற்குக் காரணம் தேடினால், பல வீட்டில் இந்த இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கிறது.

அடுத்து குழாய். அடுப்பு துடிக்கிறது, சுடர் டுப் டுப் என்று விட்டு விட்டு எரிகிறது என்றால் கலனில் கோளாறு தேடாதீர்கள். குழாயில் தண்ணீர் நிற்கிறது. சாண வாயுவில் நீராவி நிறைய உண்டு, இரவில் குளிர்ந்து குழாய்க்குள் தண்ணீராகும். 100 செ.மீ.க்கு 1 செ.மீ. என்று குழாய் ஒரு பக்கமாகச் சரிய வேண்டும், சரிவின் கடைசியில் ஒரு 'டி' போட்டுக் கீழ்நோக்கிக் குழாய்த் துண்டும் திருகும் இருக்க வேண்டும். வாரம் ஒருமுறை திருகைத் திறந்தால் கால் தம்ளர் தண்ணீர் வடியும். தரைக்கு மேலே கயிற்றில் தொங்குகிற மாதிரி குழாய் போட்ட வீடுகளில் நடுவில் தொய்வு விழுந்து, அங்கேதான் தண்ணீர் அடைக்கும். கலனுக்கும் அடுப்படிக்கும் 20 மீட்டருக்குள் இருப்பது நல்லது. கிணற்றிலிருந்து மட்டும் 15 மீட்டராவது தள்ளியிருக்கட்டும்.

அடுப்பு விஷயத்தில் மிச்சம் பிடிக்கப் பார்த்து எல்.பி.ஜி. அடுப்பையே மாட்டுகிறவர்கள் உண்டு. சாண வாயுவில் மீத்தேன் 55 முதல் 65 சதவீதம்தான், மீதி பெரும்பாலும் கரியமில வாயு. எல்.பி.ஜி. ஜெட்டின் ஓட்டை இதற்குப் போதவே போதாது. ஓட்டையை டிரில் போட்டுப் பெரிதாக்கினாலும் சுடர் பர்னரை விட்டுத் தாவி அணையும், ஏனென்றால் இந்த வாயு மெதுவாகத்தான் எரியும். ஐ.எஸ். 8749 என்ற இந்தியத் தர முத்திரை உள்ள சாண வாயு அடுப்பையே வாங்குங்கள். மணிக்கு சுமார் 450 லிட்டர் எடுக்கிற ஒற்றை பர்னர் 2 கன மீட்டரில் நாலு, நாலரை மணி நேரம் எரியும். தீனபந்துவில் காலையில் அழுத்தம் அதிகம், சமையல் முடியும்போது குறைவு; காற்றுத் தகட்டை அதற்கேற்பத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். சுடர் நீலமாகக் குட்டையாக நிற்க வேண்டும். மஞ்சளாக நீண்டால் காற்று போதவில்லை.

சமையலறைக் கழிவைப் போடலாமா? போடலாம், ஒரு கிலோ பழைய சோறு ஒரு கிலோ சாணத்தைவிடப் பல மடங்கு வாயு தரும். கெடுப்பதும் அதேதான். வடித்த கஞ்சி, புளித்த மாவு, பழைய சோறு என்று நாளுக்கு 2, 3 கிலோ வரை இந்த அளவுக் கலன் தாங்கும். கல்யாண வீட்டு மிச்சத்தை ஒரே நாளில் கொட்டினால் உள்ளே புளித்துவிடும். வெளித்தொட்டியில் புளிச்ச வாடை அடிக்கும், வாயு வரும் ஆனால் எரியாது. அப்போது ஒரு வாரம் எதுவும் போடாமல் விட்டு, சுண்ணாம்புத் தெளிவு கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, பி.எச். (புளிப்பைக் காட்டும் அளவு) 7-ஐ நெருங்கியதும் சாணத்தை மட்டும் போட்டு மீட்க வேண்டும். எலுமிச்சைத் தோல், வெங்காயத் தோல், தேங்காய் நார், எலும்பு எதுவும் வேண்டாம்.

வெளிவரும் ஸ்லரியில் ஈ மொய்க்காது, நாற்றமும் இல்லை. தென்னைக்கும் வாழைக்கும் ஈரமாகவே வாய்க்காலில் விடுங்கள். வெயிலில் காய வைத்தால் தழைச்சத்தில் ஒரு பகுதி அமோனியாவாகப் போய்விடும். அப்படி விட வசதி இல்லையென்றால் இரண்டு குழி வெட்டி, காய்ந்த சருகு, தட்டு மேல் ஊற்றி மாற்றி மாற்றி நிரப்புங்கள். எரிவாயுவுக்காகக் கட்டியவர்கள்கூட சில வருடத்தில் எருவுக்காகத்தான் ஓட்டுகிறார்கள். மாட்டை விற்கவிருந்தவர்கள் யோசிப்பதும் அப்போதுதான்.

சிலிண்டர் கணக்கு: 1 கன மீட்டர் வாயு ஏறத்தாழ 0.45 கிலோ எல்.பி.ஜி.க்குச் சமம். மாதம் 60 கன மீட்டர் என்றால் 14.2 கிலோ சிலிண்டர் இரண்டுக்கு நெருக்கம். அது ஏட்டுக் கணக்கு. குளிர் மாதம், குறைந்த சாணம் எல்லாம் போக மாதம் ஒன்று, ஒன்றேகால் மிஞ்சினாலே கலன் நன்றாக ஓடுகிறது என்று அர்த்தம். ஒரு சிலிண்டரைக் கைவசம் வைத்துக்கொள்வதில் வெட்கம் இல்லை.

தூர் வாருகிற நாளில் மட்டும் சிக்கனமும் வீரமும் வேண்டாம். கிணற்றில் இறங்குமுன் விளக்கை இறக்கிப் பார்க்கிற பழக்கம் நம் ஊரில் உண்டு; இங்கே அது மீத்தேனைப் பற்ற வைத்துவிடும். ஸ்லரியை இறைத்து, மூடிகளைத் திறந்து சில நாள் ஆற விட்டு, ஊதுவிசிறியால் காற்றடித்த பிறகும் இடுப்பில் கயிறு கட்டாமல், மேலே இழுக்க இரண்டு ஆள் நிற்காமல் யாரும் இறங்கக் கூடாது. உள்ளே ஒருவர் மயங்கினால் பின்னாலேயே குதிப்பவரும் சேர்ந்து போய்விடுகிறார்.

ஒரு வாரம் ஊருக்குப் போக வேண்டியிருந்தால் கவலை இல்லை. கேட் வால்வை மூடிவிட்டுப் போகலாம். மிஞ்சும் வாயு வெளித்தொட்டி வழியாகத் தானாகவே குமிழ்விட்டுப் போய்விடும். திரும்பி வந்ததும் முதல் நாள் பாதி அளவு சாணம், மூன்றாம் நாள் முழு அளவு. ஒரே நாளில் ஏழு நாள் சாணத்தையும் சேர்த்துத் தள்ளாதீர்கள்.